அவரைக்காயின் இரண்டு நார்

கேள்வி இது: "பூவின் பாகங்கள் எல்லாமே உருமாறிய இலைகள்தான் என்று பாடப்புத்தகத்தில் படித்தேன். இதற்கு ஆதாரம் என்ன? பூக்கும் தாவரங்கள் எந்தச் செடியிலிருந்து வந்தன, டார்வினே இதைப் புதிர் என்று சொன்னது ஏன்? இன்னொரு சிறு சந்தேகம்: அல்லியும் தாமரையும் ஒரே குடும்பம்தானே?"

மூன்றில் கடைசிக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் உண்டு: இல்லை. ஏன் இல்லை என்பது முதல் இரண்டையும் கடந்து வந்தால்தான் விளங்கும். எனவே அதைக் கடைசியிலேயே வைத்துக்கொள்கிறேன்.

முதல் கேள்விக்கு ஆய்வகம் தேவையில்லை. சமையலறைக்குப் போய் ஓர் அவரைக்காயை எடுங்கள், கொஞ்சம் முற்றியதாக. நார் எடுக்கும்போது இரு பக்கமும் ஒவ்வொரு நார் உரிந்து வரும். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு. காயைப் பிளந்தால் விதைகள் எல்லாம் ஒரே நாரின் பக்கமாக ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். எதிர்ப்பக்கத்து நாரில் ஒரு விதைகூட இருக்காது. விதை இல்லாத நார் ஓர் இலையின் நடுநரம்பு. விதை தொங்கும் நார், அந்த இலையின் இரண்டு ஓரங்களும் சந்திக்கும் தையல். ஒரு வெற்றிலையை நடுநரம்போடு நீளவாக்கில் மடித்து ஓரங்களை ஒட்டிவிட்டால் என்ன கிடைக்குமோ, அதுதான் அவரைக்காயின் கட்டமைப்பு.

இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றால் பச்சைப் பட்டாணியைத் தையல் பக்கமாகப் பிளந்து பாருங்கள். முதல் பட்டாணி இடப்பக்கத் தோலோடு போகும், அடுத்தது வலப்பக்கத் தோலோடு, அதற்கடுத்தது மறுபடி இடப்பக்கம். இரண்டு ஓரங்களும் தனித்தனியே விதை தாங்குகின்றன. அவை நெருங்கி ஒட்டியதால் நமக்கு ஒரே வரிசைபோலத் தெரிகிறது. நான் வகுப்பெடுத்த நாட்களில், முப்பது படம் போட்டு விளக்கியும் பிடிபடாத விஷயம் ஒரு பிடி பட்டாணியில் பிடிபட்டுவிடும்.

விதையை உள்ளே வைத்து மூடிக்கொண்ட இந்த உறுப்புக்குச் சூலக இலை என்று பெயர். அவரையில் அது ஒன்றே ஒன்று. முருங்கையில் மூன்று சேர்ந்திருக்கின்றன, அதனால்தான் முற்றிய முருங்கைக்காய் மூன்று பட்டையாக வெடிக்கிறது. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் தெரியும் அறைகளை எண்ணுங்கள், பெரும்பாலும் ஐந்து இருக்கும். சீத்தாப்பழத்தில் சுளைக்கு ஒரு சூலக இலை. தேங்காயின் மூன்று கண்களும் மூன்று சூலக இலைகளின் அடையாளம். அவற்றில் இரண்டு வளராமல் நின்றுவிட, விரலால் குத்தினால் அமுங்கும் அந்த ஒரு கண்ணுக்குக் கீழேதான் முளைக்கரு படுத்திருக்கும். பனையில் பெரும்பாலும் மூன்றும் வளர்ந்துவிடும். ஒரு பனங்காயைச் சீவினால் மூன்று நுங்கு கிடைப்பது அதனால்தான்.

மூன்று என்ற கணக்கைச் சொன்னதால் வாழைப்பூவையும் சொல்லிவிடுகிறேன். ஆய்ந்து பழகியவர்களுக்குத் தெரியும்: ஒவ்வொரு சிறு பூவிலிருந்தும் இரண்டு பொருள்களை எடுத்துப் போடவேண்டும். ஒன்று, தலை தடித்து விறைப்பாக நிற்கும் கள்ளன். மற்றொன்று, கண்ணாடித்தாள் போன்ற சிறு செதில். கள்ளன் என்பது சூலகத் தண்டும் அதன் முடியும். செதில் என்பது தனித்து நிற்கும் ஓர் இதழ். மற்ற ஐந்து இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே மடலாகிவிட்டன, அந்த மடலின் நுனியில் உள்ள பற்கள் அதைக் காட்டிக்கொடுக்கும். ஐந்தும் ஒன்றும் ஆறு, அதாவது இரண்டு மும்மை. வாழை, தென்னை, பனை, நெல் அடங்கிய ஒருவிதையிலைக் கூட்டத்தின் கணக்கு மூன்று. இந்தக் கூட்டத்தை நம்மவர்கள் வேறொரு வழியில் முன்பே பிரித்துவைத்திருந்தார்கள். தொல்காப்பியத்தின் மரபியல், வயிரம் எனும் கெட்டிப்பகுதி வெளியே உள்ளதைப் புல் என்றும் உள்ளே உள்ளதை மரம் என்றும் வகுக்கிறது. அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் புல். தண்டின் உள்ளமைப்பை வைத்துச் செய்த அந்தப் பிரிவு இன்றைய தாவரவியலோடு எவ்வளவு நெருங்கி வருகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

சூலக இலைக்கு அவரைக்காய் சாட்சி. மற்ற பாகங்களுக்கு? அதற்கு ஒரு சண்பக மரத்தடிக்கு வாருங்கள்.

சண்பகப் பூவின் இதழ்களை ஒவ்வொன்றாக நீக்கினால் நடுவில் ஒரு விரல்போன்ற தண்டு மிஞ்சும். அடிப்பகுதியில் மகரந்தத் தாள்கள், அதற்கு மேலே பச்சையாகச் சூலக இலைகள், எல்லாம் திருகு படிக்கட்டுபோல ஏறிச் செல்லும். இதழ் உதிர்ந்து காய் பிடிக்கும்போது இந்தத் தண்டு நீண்டு, காய்கள் கொத்தாக இடைவெளி விட்டுத் தொங்கும். அதைப் பார்க்கும் யாருக்கும் இது ஒரு கிளை என்று சொல்லித்தர வேண்டியதில்லை. பூ என்பது கணுக்கள் நெருங்கிச் சுருங்கிய, நுனி வளர்ச்சி நின்றுபோன ஒரு கிளை. கிளையில் இலை இருக்கவேண்டிய இடங்களில் வெளிவட்டத்துப் புல்லி இதழ், நாம் இதழ் என்றே சொல்லும் அல்லி இதழ் (குளத்து அல்லி அல்ல), மகரந்தத் தாள், சூலக இலை என்று வரிசையாக நிற்கின்றன.

இதை 1790-ல் எழுதிவைத்தவர் ஜெர்மானியக் கவிஞர் கதே. கவிஞர் சொன்னதால் அறிவியலாளர்கள் சிலர் நெடுங்காலம் அதைக் கவிதையாகவே எடுத்துக்கொண்டார்கள். சோதனை வழியே உறுதி கிடைக்க 200 ஆண்டுகள் ஆயின. 1991-ல் என்ரிக்கோ கோயனும் எலியட் மேயரோவிட்ஸும் கடுகின் உறவான அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியையும் ஸ்னாப்டிராகன் பூச்செடியையும் வைத்து ஒரு விளக்கம் தந்தார்கள். அதற்கு ஏ-பி-சி மாதிரி என்று பெயர். மூன்று வகை மரபணு வேலைகள். ஏ மட்டும் நடந்தால் புல்லி இதழ். ஏயும் பியும் சேர்ந்தால் அல்லி இதழ். பியும் சியும் சேர்ந்தால் மகரந்தத் தாள். சி மட்டும் என்றால் சூலக இலை. சி வேலை கெட்டுப்போன செடியில் மகரந்தத் தாள் வரவேண்டிய இடத்தில் இதழ் வரும், நடுவில் சூலகத்துக்குப் பதிலாக இன்னொரு பூ தொடங்கும், அதற்குள் இன்னொன்று.

உங்கள் வீட்டு வாசலில் அடுக்குச் செம்பருத்தி இருந்தால் அதன் நடுப்பகுதியைப் பிய்த்துப் பாருங்கள். முழு இதழாக மாறியவை சில. பாதி இதழாகி, ஓரத்தில் ஒரு மகரந்தப் பையை இன்னும் தூக்கிக்கொண்டிருப்பவை சில. தாள் இதழாகும் வழியில் நின்றுபோனதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பொருள் வேறு இல்லை. நம் பூக்கடைகளில் அடுக்கு என்று விலை கூட்டி விற்கப்படுவது பெரும்பாலும் இத்தகைய குழறுபடிதான்.

பிறகு, பூவின் நான்கு வட்டங்களுக்கும் பொதுவாக வேலை செய்யும் இன்னொரு மரபணுக் குழுவும் கண்டறியப்பட்டது. அந்தக் குழுவை முழுவதும் முடக்கினால் பூவின் இடத்தில் இலை போன்ற உறுப்புகள் மட்டுமே வருகின்றன. இது ஒரு திசை. எதிர்த்திசையையும் சோதித்தார்கள்: 2001-ல் ஜப்பானில் ஹொன்மாவும் கோட்டோவும் தேவையான மரபணுக்களை இலையில் இயக்கி, இலைகளை இதழ்களாக்கிக் காட்டினார்கள். பூவை இலையாக்கலாம், இலையைப் பூவிதழாக்கலாம் என்றால், கதே சொன்னதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

ஆனால் ஒரு தடையைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். "பூவின் பாகங்கள் இலை போன்றவை" என்பதும் "ஒரு காலத்தில் சாதாரண இலையாக இருந்தது பிறகு மடிந்து சூலகமாயிற்று" என்பதும் ஒரே கூற்று அல்ல. முதலாவது வளர்ச்சி பற்றியது, அது உறுதியானது. இரண்டாவது வரலாறு பற்றியது, அங்கேதான் சிக்கல்.

மடிந்த இலை என்ற கருத்துக்கு நுண்ணிய உடற்கூறு வழியே வலுச்சேர்த்தவர்களில் ஒருவர் நமக்கு அருகில் வாழ்ந்தவர். பி.ஜி.எல். சுவாமி என்ற அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராகவும் பின்னர் முதல்வராகவும் இருந்தார். கன்னட வாசகர்கள் அவரைக் கட்டுரையாளராகக் கொண்டாடுவார்கள், தாவரவியலில் அவர் பெயர் நிற்பது வேறு காரணத்துக்காக. 1951-ல் அவரும் ஹார்வர்டின் பெய்லியும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, நடுநரம்பில் மடிந்து ஓரம் முழுதும் ஒட்டாமல் இருக்கும் சூலக இலையே பழைய வடிவம் என்று வாதிட்டது. பிஜித் தீவுகளில் டிஜெனேரியா என்று ஒரு மரம் உண்டு. மகரந்தம் வந்து விழும் நேரத்தில்கூட அதன் சூலக இலையின் ஓரங்கள் சரியாக மூடியிருப்பதில்லை. இடைவெளியை நுண்மயிர்கள் பின்னிக்கொண்டு அடைத்திருக்கும். பார்த்தவர்கள் எல்லோரும் "இதோ தொடக்க நிலை" என்று சொன்னதில் குற்றமில்லை.

பிறகு 1999 வந்தது. மரபணுத் தொடர்களை ஒப்பிட்ட பல குழுக்கள், ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரே விடையைச் சொன்னார்கள்: பூக்கும் தாவரங்களின் குடும்ப மரத்தில் முதல் பிரிவாகத் தனித்துப் போனது ஆம்போரெல்லா. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே நியூ கலிடோனியா தீவின் காடுகளில் மட்டும் வளரும் குட்டை மரம் அது. பூ மிகச் சிறியது, கவனிக்காமல் கடந்துவிடலாம். புல்லி, அல்லி என்ற வேறுபாடு அதில் இல்லை, எல்லாம் ஒரே மாதிரியான சிறு இதழ்கள். அதன் சூலக இலை வெற்றிலைபோல மடிவதில்லை. அடியிலிருந்து ஒரு குவளைபோல எழும்புகிறது. வாயை மூடுவது திசு அல்ல, அங்கே சுரக்கும் ஒரு பசை. ஓரங்கள் ஒட்டி வளர்ந்து உண்மையான தையல் வருவது பிற்காலத்துக் கிளைகளில்தான். ஆக, அவரைக்காய் காட்டும் மடிந்த இலை உண்மை, ஆனால் அதுவே முதல் வடிவம் என்று சாதிக்க இயலாது. முதலில் பசையால் அடைத்த குவளை இருந்திருக்கலாம் என்பதே இன்று வலுவான கருத்து.

செய்தித்தாள்கள் ஆம்போரெல்லாவை "எல்லாப் பூக்களின் தாய்" என்று எழுதுவது எரிச்சலூட்டும். அது தாய் அல்ல, மிகத் தூரத்துச் சித்தப்பா வீட்டுப் பிள்ளை. நாம் மாறியது போலவே அதுவும் இத்தனை கோடி ஆண்டுகளில் மாறியிருக்கிறது. ஆம்போரெல்லாவில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆனால் எல்லாப் பூக்களுக்கும் மூதாதையான பூ இருபால் பூவாக இருந்திருக்கவேண்டும் என்பதே ஒப்பீடுகள் தரும் விடை.

இவ்வளவு நேரம் சூலகத்தையே சுற்றிவருகிறேன் என்று தோன்றலாம். வேண்டுமென்றேதான். பூ என்றதும் எல்லோருக்கும் இதழ் நினைவுக்கு வருகிறது, பாடப்புத்தகமும் வெளியிலிருந்து உள்ளே என்று இதழில் தொடங்கிச் சூலகத்தில் முடிக்கிறது. என் பார்வையில் அது தலைகீழ். இதழ் இல்லாமல் எத்தனையோ பூக்கள் உண்டு. நெற்பூவை யார் பார்த்துப் பாடுகிறார்கள்? சூலகம்தான் இந்தக் கூட்டத்தின் உண்மையான கண்டுபிடிப்பு. மூடுவிதைத் தாவரம் என்ற பெயரே அதைத்தான் சொல்கிறது.

மூடாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கவேண்டுமா? பூங்காக்களிலும் அலுவலக வாசல்களிலும் குட்டைப் பனைபோல நிற்கும் சைகஸ் செடியில் பெண் செடி ஒன்றைத் தேடுங்கள். உச்சியில் பழுப்பு மயிர் போர்த்த இலை போன்ற உறுப்புகள் இருக்கும். அவற்றின் ஓரங்களில், பிறகு விதையாகும் சூல்கள் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கும். மகரந்தம் காற்றிலோ பூச்சியிலோ வந்து நேரே சூலின் வாயிலேயே சேர்கிறது. கொடைக்கானலின் பைன் மரங்களிலும் இதே ஏற்பாடுதான், செதில்களுக்கிடையில் ஒளிந்திருந்தாலும் சூல் திறந்தே கிடக்கிறது.

சூலகம் மூடியதும் மகரந்தத்துக்கு நேர்வழி அடைபட்டது. இனி அது சூலக முடியில் இறங்கி, அனுமதி பெற்று, தண்டின் திசுக்களுக்குள்ளே குழாய் விட்டு வளர்ந்து உள்ளே போகவேண்டும். அந்த வாசலில் சோதனை நடக்கிறது. வேற்று இனத்தின் மகரந்தம் திருப்பி அனுப்பப்படும். பல செடிகளில் தன் சொந்த மகரந்தமே அடையாளம் காணப்பட்டு நிறுத்தப்படும். தகுதி பெற்ற பல குழாய்கள் ஒரே நேரத்தில் கிளம்பினால் வேகமானது வெல்லும். இந்தப் பந்தயத்தின் விளைவு கணக்கில் தெரிகிறது: பைன் மரத்தில் மகரந்தம் வந்து சேர்ந்ததிலிருந்து கருவுற ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகிறது, பூக்கும் தாவரங்கள் பலவற்றில் சில மணி நேரம் அல்லது சில நாட்கள் போதும். ஒரு மழைக்காலத்துக்குள் முளைத்து, பூத்து, விதைத்து மடியும் செடிகள் இந்தக் கூட்டத்தில் மட்டுமே இவ்வளவு பெருகியதற்கு இந்த வேகம் ஒரு காரணம்.

கதவு இல்லாமலும் கருவுறலாம் என்பதற்கு அழகான ஒரு சோதனை உண்டு. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பஞ்சானன் மகேஸ்வரியின் குழு 1962-ல் கசகசாச் செடியின் சூல்களைச் சூலகத்திலிருந்து எடுத்துச் சோதனைக் குழாயில் வைத்து, நேரடியாக மகரந்தம் தூவி விதையாக்கிக் காட்டியது. அதாவது சூலகச் சுவர் கருவுறுதலின் இயந்திரப் பகுதி அல்ல. அது காவல். கருவுற்ற பிறகு அதே சுவர்தான் கனியாகிறது. மாம்பழத்தில் நாம் சாப்பிடுவது அந்தக் காவல்காரனைத்தான்.

இன்னொரு சிக்கனமும் இங்கே நடந்தது. சைகஸும் பைனும் கருவுறுவதற்கு முன்பே சூலுக்குள் உணவைச் சேர்த்துவைக்கின்றன. மகரந்தம் வராவிட்டால் அவ்வளவும் வீண். பூக்கும் தாவரம் அந்தத் தவறைச் செய்வதில்லை. மகரந்தக் குழாய் இரண்டு ஆண் செல்களைக் கொண்டுவருகிறது. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது, மற்றொன்று நடுவிலுள்ள செல்லோடு சேர்ந்து கருவூண் திசுவாகிறது. கரு உண்டானது உறுதியான பிறகே சமையல் தொடங்குகிறது. இந்த இரட்டைக் கருவுறுதலை 1898-ல் லில்லிச் செடிகளில் கண்டு சொன்னவர் கீவ் நகரில் பணியாற்றிய நவாஷின். நாம் உண்ணும் அரிசியும் கோதுமையும் அந்த இரண்டாவது சேர்க்கையின் விளைச்சல். இளநீரும் அதுதான்: செல்சுவர் எழும்பாமல் உட்கருக்கள் மிதக்கும் கருவூண். சுவர் எழும்பிய பகுதி தேங்காய்ப் பருப்பு. திசு வளர்ப்பு ஆய்வகங்களில் இளநீரை ஊட்டக் கரைசலில் சேர்ப்பதன் காரணமும் இதுவே, ஒரு கருவை வளர்க்க மரம் தயாரித்த திரவம் அது.

இனி டார்வின். 1879 ஜூலை 22-ல் நண்பர் ஜோசப் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் அவர் இதை வெறுப்பூட்டும் புதிர் என்ற பொருளில் குறிப்பிட்டார். பூவின் அழகு அவரைக் குழப்பவில்லை, பூ எப்படி வேலை செய்கிறது என்பதிலும் அவருக்குக் குழப்பம் இல்லை. ஆர்கிட் பூக்களைப் பற்றி ஒரு நூலே எழுதியவர் அவர். அவரை உறுத்தியது வேகம். அன்று தெரிந்த புதைபடிவங்களில், பாறை அடுக்குகளில் ஒரு மட்டம் வரை பூக்கும் தாவரம் இல்லை, அதற்கு மேலே திடீரென்று பலவகையாக நிற்கிறது. பரிணாமம் படிப்படியாக நடக்கிறது என்று வாழ்நாள் முழுவதும் வாதிட்டவருக்கு அது தொண்டையில் முள். கண்டறியப்படாத ஒரு தென் கண்டத்தில் அவை மெதுவாக வளர்ந்திருக்கலாமோ என்றுகூட யோசித்தார்.

புதிரின் பாதி இன்று அவிழ்ந்துவிட்டது. முதல் பூக்கள் சிறியவை, நாம் பெரியதைத் தேடிக்கொண்டிருந்தோம். தெற்கு ஸ்வீடனின் களிமண் குழிகளில் எடுத்த மண்ணை நீரில் கரைத்துச் சலித்தபோது சில மில்லிமீட்டர் அளவுள்ள கரித்துண்டுகள் கிடைத்தன. நுண்ணோக்கியில் வைத்தால் அவை முழுப் பூக்கள். டைனோசர் காலத்துக் காட்டுத்தீயில் கருகி, கரியானதால் அழுகாமல் தப்பியவை. எல்சே மேரி ஃப்ரீஸும் ஆனி ஸ்கார்பியும் 1981-ல் இவற்றை வெளியிட்டார்கள். பிறகு போர்ச்சுகலிலும் பிற இடங்களிலும் இன்னும் பழையவை கிடைத்தன. ஐயத்துக்கு இடமில்லாத மகரந்தத் துகள்கள் ஏறக்குறைய 13.5 கோடி ஆண்டுகள் வரை பின்னே போகின்றன. சீனாவின் லியாவோனிங் பகுதியில் கிடைத்து 1998-ல் அறிவிக்கப்பட்ட ஆர்க்கியோஃப்ரக்டஸ் சுமார் 12.5 கோடி ஆண்டுப் பழமையது. அதில் இதழே இல்லை. ஒரு நீண்ட தண்டில் கீழே மகரந்தத் தாள்கள், மேலே சூலக இலைகள். சண்பகத்தின் நடுத்தண்டை நினைத்துக்கொள்ளுங்கள். அது ஒற்றைப் பூவா, சிறு பூக்களின் மஞ்சரியா என்று இன்னும் சண்டை நடக்கிறது.

அவிழாத பாதி, "எதிலிருந்து?" என்பது. மரபணுக் கணக்குகள் பூக்கும் தாவரங்களின் வழி புதைபடிவங்கள் காட்டுவதைவிட வெகு காலம் முன்பே பிரிந்துவிட்டது என்கின்றன. இடைப்பட்ட காலத்துக்கு உறுதியான சாட்சி இல்லை. ஒரு காலத்தில் நீட்டம் என்ற கொடியே நெருங்கிய உறவு என்று வகுப்புகளில் நடத்தினோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் அது உண்டு. இலை மாவிலைக் கூட்டத்தைச் சேர்ந்ததுபோல வலைநரம்போடு இருக்கும், தண்டில் நீர்க்குழாய்களும் உண்டு. ஒற்றுமை இவ்வளவு இருந்தும் மரபணு அதைப் பைன் பக்கம் தள்ளிவிட்டது. நானும் ஆண்டுக்கணக்கில் தவறாகக் கற்பித்தவர்களில் ஒருவன். சைகஸ், பைன் என்று இன்று உயிரோடிருக்கும் திறந்தவிதைத் தாவரங்கள் எதுவும் பூவுக்குத் தாய் அல்ல. அவை எல்லாம் சேர்ந்து ஒரு தனிக் கிளை. நேரடி முன்னோர் அழிந்துபோனவை.

அழிந்தவர்களில் ஒரு துப்பு மட்டும் நன்றாக இருக்கிறது. பைன் மரத்தின் சூலுக்கு ஓர் உறை, பூக்கும் தாவரத்தின் சூலுக்குப் பொதுவாக இரண்டு. அந்த இரண்டாவது உறை எங்கிருந்து வந்தது? விதைப் பெரணிகள் என்று அழைக்கப்படும் பழைய செடிகள் சிலவற்றில், சூலைக் கவிழ்த்து மூடும் ஒரு சிறு கிண்ணம் இருந்தது. உள் மங்கோலியாவில் கிடைத்த சுமார் 12.5 கோடி ஆண்டுப் படிவங்களை வைத்து 2021-ல் ஒரு குழு, அந்தக் கிண்ணமே நம் இரண்டாவது உறையாயிற்று என்று வலுவாக வாதிட்டது. அது சரியென்றால் சூல் இரண்டு முறை மூடப்பட்டிருக்கிறது: முதலில் கிண்ணத்தால், பிறகு சூலக இலையால். சூலக இலை எந்த உறுப்பிலிருந்து வந்தது என்பதுதான் இன்னும் திறந்த கேள்வி.

பூவை மட்டும் பேசிவிட்டு இலையை மறந்தால் பாதிக் கதைதான். திறந்தவிதைத் தாவரங்கள் இன்று ஏறக்குறைய 1,000 இனங்கள், பூக்கும் தாவரங்கள் 3 லட்சம் அளவில். இந்த இடைவெளிக்குப் பூ மட்டும் காரணமல்ல. அரச இலைச் சருகைப் பார்த்திருப்பீர்கள், சதை மக்கிப்போய் வலை மட்டும் மிஞ்சியது. அவ்வளவு நெருக்கமான வலை வேறு தாவரக் கூட்டத்தில் இல்லை. ஒரு சதுர மில்லிமீட்டர் இலையில் மற்றவற்றுக்குச் சராசரி 2 மில்லிமீட்டர் நரம்பு, பூக்கும் தாவரங்களுக்கு 8 அளவில். நீர் வேகமாக வந்தால் இலைத்துளைகளை அகலத் திறந்துவைக்கலாம், கரியமில வாயு நிறையக் கிடைக்கும், வளர்ச்சி வேகமாகும். ஆனால் இந்த நெருக்கமும் முதல் நாளே வந்ததல்ல. ஆம்போரெல்லாவின் நரம்புவலை இன்றும் தளர்வானது, அதன் தண்டில் நீர்க்குழாய்களே கிடையாது. முதல் பூக்கள் நிழலும் ஈரமும் தேடிய எளிய செடிகளில் பூத்திருக்கலாம், காட்டைப் பிடித்தது பிறகு.

இப்போது குளக்கரைக்கு வரலாம்.

தாவரங்களை வகைப்படுத்திப் பெயரிட்ட லின்னேயஸ் 1753-ல் தாமரையை அல்லியின் பேரினத்துக்குள்ளேயே வைத்தார். சேற்றில் கிழங்கு, நீரில் வட்ட இலை, பெரிய பூ. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் வெட்டிப் பாருங்கள். அல்லியில் இதழ் எங்கே முடிந்து மகரந்தத் தாள் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது, ஒன்று மற்றொன்றாக மெல்ல மாறிக்கொண்டே உள்ளே போகும். தாமரையில் அந்தக் குழப்பம் இல்லை. அதன் சூலகங்கள் பொகுட்டு என்று நாம் சொல்லும் கூம்பில் தனித்தனிக் குழிகளில் புதைந்திருக்கும். அல்லியின் காய் நீருக்கடியில் முற்றும், பொகுட்டோ நீருக்கு மேலே தலைநிமிர்ந்து நிற்கும். அல்லி இலை பிளவோடு நீரில் மிதக்கும், தாமரை இலை காம்பை நடுவில் தாங்கிக் குடைபோல எழும். அல்லியின் உறவுச் செடிகளில் கருவூண் திசு, தாய்வழி ஒரு பங்கும் தந்தைவழி ஒரு பங்குமாக இரண்டே தொகுதி குரோமோசோம்களோடு இருக்கிறது, தென்னையிலும் நெல்லிலும் இருப்பதுபோல மூன்று அல்ல. தாமரைப் பூ இன்னொரு வித்தை செய்யும்: காற்று 10 டிகிரிக்கு இறங்கினாலும் தன் உள்ளே 30 முதல் 36 டிகிரி வெப்பத்தைக் காத்துக்கொள்ளும் என்று 1996-ல் அளந்து காட்டினார்கள். உள்ளே தங்கும் வண்டுகளுக்கு அது கணப்படுப்பு.

மரபணு முடிவு இன்னும் கூர்மையானது. ஆம்போரெல்லாவுக்கு அடுத்தபடியாகப் பிரிந்த கிளை அல்லி. அதற்கு வெகு காலம் பிறகு சண்பகமும் மிளகும் பட்டையும் ஜாதிக்காயும் ஒரு கூட்டமாக, தென்னையும் நெல்லும் ஒரு கூட்டமாகப் பிரிந்தன. அவை இரண்டும் அல்லாத மூன்றாவது பெருங்கூட்டத்தில்தான் தாமரை இருக்கிறது. அங்கே அதற்கு நெருங்கிய சொந்தம், வால்பாறையிலும் நீலகிரியிலும் தேயிலைக்கு நிழலாக நட்டுவைத்திருக்கும் சில்வர் ஓக். முதலில் கேட்டபோது நானும் சிரித்தேன். மகரந்தத்தை நுண்ணோக்கியில் வைத்தபோது சிரிப்பு நின்றது: அல்லியில் இல்லாத மூன்று பள்ளங்கள் தாமரையின் துகளில் வரிசையாக இருந்தன. அந்த மூன்றும் அந்தப் பெருங்கூட்டத்தின் அடையாளம், அவரைப்பூவின் மகரந்தத்திலும் அதைப் பார்க்கலாம்.